பட்டாயா தெருக்கடைகளில் எதைக் கேட்டு வாங்குவது?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த தாய்லாந்து சுற்றுலாக் கட்டுரையில் கடற்கரை, படகு, கோயில் எல்லாம் இருந்தன. சாப்பாட்டுக்கு மட்டும் 'இந்திய உணவகங்கள் நிறைய உண்டு' என்று ஒரே வரி. சேலத்திலிருந்து குழுவாகப் போகிறவர்களுக்கும் மூன்று வேளையும் பஃபே என்றுதான் திட்டம் போட்டுத் தருகிறார்கள். பட்டாயாவில் தெருவுக்குத் தெரு வண்டிக்கடை. நாம் கேட்ட பிறகு கண்ணெதிரே சுடச்சுடச் செய்து தருவதை விட்டுவிட்டு, ஆறிப்போன பனீரைத் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சைவர்களுக்கு. அங்கே உப்பின் வேலையைச் செய்வது 'நாம் ப்லா' என்கிற மீன் சாஸ். குழம்புக்கு அரைக்கும் விழுதில் 'கபி' என்ற இறால் விழுது சேரும். அதனால் டோஃபுவும் கத்தரிக்காயும் மட்டும் மிதக்கிற பச்சைக் குழம்பும் சைவமில்லை. கீரை வதக்கலில்கூட சிப்பி சாஸ் ஊற்றுவார்கள். 'கறி வேண்டாம்' என்றால் கறித்துண்டை விட்டுவிட்டு அதே சாஸில் வதக்கித் தருவார்கள். அது ஏமாற்று அல்ல. அவர்கள் கணக்கில் அது வெறும் உப்பு. 'கின் ஜே' என்று சொல்ல வேண்டும். ஜே உணவில் மீன், முட்டை, பால் கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து, நம் கண்ணுக்கு 17 என்று எழுதியதுபோல் தெரியும், அதுதான் அடையாளம். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் சைவ விழா வரும். அப்போது போகிறவர்களுக்கு இந்த மஞ்சள் கொடி எங்கும் கண்ணில் படும்.

முட்டை சாப்பிடாதவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாய் மொழியில் கோழிக்கும் முட்டைக்கும் உள்ள சொற்கள் நம் காதுக்கு ஒரே 'கை'தான். வாயால் சொல்வதைவிட முட்டையை விரலால் காட்டிக் கையை ஆட்டிவிடுவது உத்தமம். வாழைப்பழ ரொட்டிக் கடையில் இது கட்டாயம் உதவும், அங்கே கேட்காமலே முட்டையை உடைத்து ஊற்றிவிடுவார்கள். 'கனோம் க்ரோக்' வாங்குகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நம் பணியாரக் கல் போன்ற குழிச்சட்டியில் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றிச் சுடுவது அது. மேலே வெங்காயத்தாளோ மக்காச்சோளமோ தூவுவார்கள். ஓரம் முறுகலாகவும் நடு குழைவாகவும் இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். டப்பாவில் அடைத்தால் ஆவியில் தொளதொளத்துப் போகும்.

பச்சைப் பப்பாளியை இடித்துச் செய்யும் 'ஸோம் தம்' பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். மண் உரலில் மர உலக்கையால் முதலில் பூண்டும் ஊசிமிளகாயும் நசுங்கும். பிறகு வெல்லம், காராமணிக்காய், தக்காளி, வேர்க்கடலை, காய்ந்த இறால், எலுமிச்சைச் சாறு, மீன் சாஸ். துருவிய பப்பாளி கடைசியில்தான் விழும், அதை லேசாக இடித்துக் கரண்டியால் புரட்டுவார்கள். ஓங்கி இடித்தால் நீர் விட்டுவிடும். எத்தனை மிளகாய் என்று கடைக்காரர் கேட்பார். நமக்கா காரம் புதிது என்று ஐந்து விரலைக் காட்டுகிறவர்கள் உண்டு. எண்ணெயில் வதங்காத பச்சை மிளகாய் அது, இரண்டே தாராளம். இந்த வகையை 'தம் தாய்' என்று கேட்டு வாங்குங்கள். 'பூ ப்லா ரா' என்றால் உப்பில் ஊறிய பச்சை நண்டும் புளிக்கவைத்த மீனும் சேர்ந்தது. பழகாத வயிற்றுக்கு வேண்டாம். சைவர்களும் இறால் ஒவ்வாதவர்களும் உரலைக் கழுவச் சொல்ல வேண்டும், முந்தைய தட்டின் சாறு அதில்தான் கிடக்கும்.

'பாட் தாய்' நூடுல்ஸில் நல்ல கடையைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு தட்டுக்கு மேல் வாணலியில் போட மாட்டார்கள். பத்துத் தட்டை ஒன்றாகக் கொட்டினால் சூடு இறங்கி, நூடுல்ஸ் வதங்காமல் அவிந்து குழையும். இங்கே செய்து பார்ப்பவர்கள் சேமியாபோல் வேகவைத்துத்தான் கெடுக்கிறார்கள். அரிசி நூடுல்ஸைச் சாதாரணத் தண்ணீரில் அரை மணி நேரம், விரலில் சுற்றினால் ஒடியாத பதம் வரும்வரை ஊறவைத்தால் போதும். மிச்சம் வாணலியில் புளிக்கரைசலோடு வேகும்.

மேசையில் நான்கு கிண்ணங்கள் இருக்கும்: சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் போட்ட வினிகர், மிளகாய் போட்ட மீன் சாஸ். கடைசி இரண்டும் மாறிப்போகும், முகர்ந்து பார்த்து ஊற்றுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரவள்ளிப் பொருள் ஏற்றுமதியில் உலகில் முதலிடமோ தாய்லாந்துக்கு. அங்கே ஜவ்வரிசியைப் பாயசத்தோடு விட்டுவிடவில்லை. ஊறவைத்துப் பிசைந்து, உள்ளே வேர்க்கடலைப் பூரணம் வைத்து உருண்டையாக ஆவியில் வேகவைத்து, பொரித்த பூண்டு தூவி விற்கிறார்கள். 'சாக்கூ சாய் மூ' என்பது பெயர். மூ என்றால் பன்றி இறைச்சி, பூரணத்தில் அது உண்டு. நம் தட்டுவடை செட் கடைக்காரர்கள் இறைச்சியை நீக்கி, வெறும் வேர்க்கடலைப் பூரணத்தில் இதைச் செய்து பார்த்தால் சேலத்தில் ஓடாமல் போகாது.

கடலுணவு பிரியர்கள் நாக்லுவா பகுதியின் லான் போ சந்தைக்குப் போகலாம். இறால், நண்டு, மீனை எடைக்கு வாங்கி, பக்கத்திலேயே கூலி கொடுத்துச் சுட்டு வாங்கிக்கொள்ளலாம். கூலியைக் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். கடற்கரையோர உணவகங்களில் பலகையில் எழுதிய விலை பெரும்பாலும் ஒரு 'கீட்'டுக்கு, அதாவது 100 கிராமுக்கு. கிலோ விலை என்று நினைத்து முக்கால் கிலோ மீனைக் காட்டிவிட்டு, பில் வந்ததும் சண்டை போடுவதில் பயனில்லை.

வயிறு கெடுவது பெரும்பாலும் காலையில் சமைத்துத் தட்டுகளில் வைத்த குழம்புகளால்தான். அவற்றை மதியத்துக்குள் சாப்பிடுவதோடு சரி. நடுவில் துளையுள்ள உருளை ஐஸ் தொழிற்சாலையில் செய்தது, பயமில்லை. உடைத்த கட்டி ஐஸைத் தவிர்க்கலாம்.

'ஜே சாப்பிடுகிறேன்', 'மீன் சாஸ் வேண்டாம்', 'முட்டை வேண்டாம்', 'பன்றி இறைச்சி வேண்டாம்', 'காரம் குறைவாக' என்ற ஐந்தையும் தாய் எழுத்திலேயே ஒரு சிறு கட்டமாக அடுத்த சுற்றுலா இணைப்பில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நம் உச்சரிப்பு அங்கே புரிவது கடினம், கத்தரித்துப் பையில் வைத்துக் காட்டிக்கொள்ளலாம்.

– ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.