கிணற்றையும் தென்னையையும் கணக்கில் சேர்க்க வைத்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

ஊரில் நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்காக எடுக்கப்பட்ட எங்கள் நிலத்துக்கு உரிய முழு இழப்பீடும் அம்மாவின் கணக்கில் வந்து சேர்ந்துவிட்டது. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு எங்களால் தனியாக இதைச் சாதித்திருக்கவே முடியாது. உதவியவர்கள் பெயர் போட வேண்டாம் என்கிறார்கள், அதனால் பெயரில்லாமலே சொல்கிறேன்.

முதலில் எங்கள் ஈசூன் புளோக்கில் இருக்கும் ஐயா. வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இழப்பீட்டு உத்தரவு வாட்ஸ்அப்பில் படமாக வந்தபோது, கொடுப்பதை வாங்கிக்கொள்வோம் என்ற மனநிலையில்தான் இருந்தோம். ஐயா அதை அச்செடுத்து வரச் சொல்லி, கீழ்த்தளக் கல்மேசையில் வைத்துப் பென்சிலால் வரிவரியாகக் கோடு போட்டுப் படித்தார். நிலத்துக்கு மட்டும் விலை போட்டிருந்தார்கள். கிணறு இல்லை, தாத்தா வைத்த 11 தென்னையும் இல்லை.

இந்தியாவில் 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் எடுத்தாலும், 2015 ஜனவரி 1 முதல் இழப்பீட்டை 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படிதான் கணக்கிட வேண்டும் என்று அவர்தான் விளக்கினார். நிலத்தின் மதிப்போடு அதில் உள்ள கிணறு, மரம், கட்டடம் எல்லாம் சேரும். அந்தத் தொகைக்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகை, அதாவது 100 விழுக்காடு. கிணறு விட்டுப்போனால் இரண்டு மடங்கு நட்டம்!

இங்கே சிங்கப்பூரிலும் 1966ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில், இழப்பீடு பல காலம் பழைய தேதியின் விலையைத் தாண்டாமல் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஐயாவின் அப்பாவுடைய நிலம் போனபோது 1973 நவம்பர் 30 விலைதான் உச்சவரம்பு. 2007 பிப்ரவரி 12 முதல் எடுக்கும் நிலங்களுக்குத்தான் சந்தை விலை. எங்கள் தாளை அவர் அத்தனை அக்கறையாகப் படித்ததற்கு அந்த வருத்தமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஊரில் எங்கள் சார்பில் ஒருவர் செயல்பட அனுமதிக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு, கிரேஞ்ச் ரோடு இந்தியத் தூதரகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட, வேலைக்கு விடுப்பு எடுத்து வந்த நண்பர்கள் இருவருக்கும் நன்றி. பத்திரம் ஊருக்குப் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும் என்று நினைவூட்டியதும் அவர்கள்தான்.

ஊரில் சித்தப்பா. பட்டா தாத்தா பெயரிலேயே கிடந்தது. வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, பட்டா மாறுதல் எல்லாவற்றுக்கும் இந்த வயதில் அலைந்தவர் அவர். பழைய அடங்கலை, அதாவது கிராமத்தின் நிலப் பயிர்ப் பதிவேட்டை, தேடி எடுத்து, கிணறும் தென்னையும் பதிவாகியிருப்பதைக் காட்டிய கிராம நிர்வாக அலுவலரை அம்மா தினமும் வாழ்த்துகிறார். உச்சி வெயிலில் ஒவ்வொரு மரமாக நின்று வயதும் காய்ப்பும் குறித்துக்கொண்ட தோட்டக்கலைத் துறை அலுவலரையும் மறக்க மாட்டோம். தங்கள் கடமையைச் சரியாகச் செய்தவர்களுக்கு நாம் வாய்விட்டு நன்றி சொல்வது குறைவு. நடுவரான மாவட்ட ஆட்சியர் முன்பு மனு போட்டு வாதாடிய பெண் வழக்கறிஞர், கூடுதல் தொகை வரும்வரை கட்டணம் கேட்கவே இல்லை.

சாலை வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. எங்களுக்குச் சேர வேண்டியதைத்தான் கேட்டோம்.

உங்கள் ஊரிலும் நிலம் எடுப்பதாக அறிவிப்பு வந்திருந்தால், பணம் வாங்கிக் கையெழுத்துப் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கள் மனுவின் நகலைத் தருகிறேன். தாளைக் கொண்டுவந்தால் படித்துச் சொல்வதாக ஐயாவும் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
அம்மா, அக்கா, நான்
ஈசூன், சிங்கப்பூர்