எனக்குக் கிடைத்த நான்கு வாக்கியங்கள்

பிரிஸ்பேன்,
வியாழன் முற்பகல்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. "ஐந்து வருடம் சட்டம் படித்துவிட்டு நான் பேசுவது ஒரே வாக்கியம்: சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், வழக்கைக் கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட பாஸ் ஓவர் கொடுங்கள்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் என் கணக்கை எண்ணிப் பார்த்தேன். என்னிடம் நான்கு வாக்கியங்கள் இருக்கின்றன. உன்னைவிட மூன்று கூடுதல், அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பட்டிமன்றத்தில் மணி அடித்த பிறகும் மைக்கை விடாத இரண்டு பேருக்கு வந்த கதி இது.

இன்று எழுத உட்கார்ந்திருப்பதற்குக் காரணம், ஜூரி, அதாவது வழக்கில் முடிவு சொல்ல வந்த பன்னிரண்டு பொதுமக்கள், கலந்து பேச உள்ளே போயிருக்கிறது. நேற்றுப் பிற்பகல் போனவர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. நீதிபதி தன் அறையில் வேறொரு வழக்கின் தீர்ப்பு வரைவைத் திருத்திக்கொண்டிருக்கிறார். எந்த நிமிடமும் கூப்பிடுவார்கள் என்பதால் கட்டடத்தை விட்டு நகர முடியாது. புதிதாக ஒரு வேலையைத் தொடங்கவும் மனம் ஒட்டாது. ஆகையால் நீ மாட்டினாய்.

ஒரு நீதிபதியிடம் நான் அசோசியேட்டாக இருக்கிறேனே, அது பெஞ்ச் கிளார்க்கா, டவாலியா, டெல்லியில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளிடம் இருக்கும் லா கிளார்க்கா என்று கேட்டிருந்தாய். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். நீதிபதியின் அறையான சேம்பரில் இருக்கும்போது லா கிளார்க்: சட்டம் தேடுவேன், தேதிவாரியாக நிகழ்ச்சிகளைத் தொகுப்பேன், தீர்ப்பு வரைவில் மேற்கோள் காட்டிய ஒவ்வொரு வழக்கையும் எடுத்துச் சரிபார்ப்பேன். கோர்ட் கூடியதும் நீதிபதிக்குக் கீழே முன்மேசையில் உட்கார்ந்து பெஞ்ச் கிளார்க் ஆகிவிடுவேன்: வழக்கைக் கூப்பிடுவது, சான்றாவணங்களுக்கு எண் போடுவது, நடந்ததைப் பதிவு செய்வது. டவாலியின் வேலைக்கு இங்கே பெய்லிஃப் இருக்கிறார். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்வதும் ஜூரியை மேய்ப்பதும் அவர் பொறுப்பு. ஒரு நீதிபதி, ஒரு அசோசியேட், ஒரு பெய்லிஃப், இதுதான் குடும்பம். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் வேலை. நீதிபதியே நேரில் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். இதில் அறிமுகமும் சிபாரிசும் விளையாடுமா என்று நீ கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன்: விளையாடும். எனக்கு அறிமுகம் யாரும் இல்லை. மூன்று பேர் பதிலே போடவில்லை, நான்காவது நீதிபதி போட்டார்.

பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்து மாவட்ட நீதிமன்றம். இங்கே சுப்ரீம் கோர்ட் என்றால் மாநில நீதிமன்றம். நாட்டுக்கே தலையான நீதிமன்றத்துக்குப் பெயர் ஹைகோர்ட், அது கான்பராவில் இருக்கிறது. உங்கள் ஊர்க் கணக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொள், சரியாகிவிடும். கொலை வழக்கு எங்களிடம் வராது, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகும். மற்றபடி அடிதடி, கொள்ளை, மோசடி, பாலியல் குற்றம் எல்லாம் எங்கள் தலையில்தான்.

இனி என் நான்கு வாக்கியங்கள்.

முதலாவது, குற்றச்சாட்டைப் படித்துக் காட்டிக் கேட்பது: குற்றவாளியா, குற்றவாளி இல்லையா? நீதிபதி கேட்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை, அதை அசோசியேட் கேட்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், என் அப்பா வயதுள்ள ஒருவரைப் பார்த்து, அவர் பெயரைச் சொல்லி, இன்ன தேதியில் இன்ன இடத்தில் இன்னது செய்ததாக உங்கள்மீது குற்றச்சாட்டு என்று படித்தேன். குரல் என்னுடையதுதான், ஆனால் யாரோ எனக்குள் ஏறி நின்று பேசுவதுபோல் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

இரண்டாவது வாக்கியம் ஜூரி தேர்வுக்கு. இந்தியாவில் ஜூரி 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போய்விட்டது. பார்சிகளின் திருமண வழக்குகளில் மட்டும் ஏதோ மிச்சம் இருக்கிறது. இங்கே அதுதான் உயிர்நாடி. இப்போது அழைக்கப்படுபவர்கள் உங்கள் வழக்கைத் தீர்மானிக்கப் போகிறவர்களாக ஆகலாம், யாரையாவது வேண்டாம் என்று சொல்வதானால் அவர் உறுதிமொழி எடுக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவரிடம் நான் அறிவிக்க வேண்டும். பிறகு பெட்டிக்குள் கையை விட்டுச் சீட்டுச் சீட்டாக எடுத்துக் கூப்பிடுவேன். குலுக்கல் பரிசு மாதிரி இருக்கும், பரிசுதான் யாருக்கும் வேண்டாம். ஒருவர் மட்டும் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் வழக்கில் இரு தரப்புக்கும் காரணம் சொல்லாமல் தலைக்கு எட்டுப் பேரை விலக்க உரிமை உண்டு. ஒருவர் வரிசையிலிருந்து எழுந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, புத்தகத்தைத் தொடக் கை நீட்டும் நேரத்தில் "ஆட்சேபம்" என்று குரல் வரும். அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே! வரும்போது எப்படித் தப்பிப்பது என்று தவித்தவர், விலக்கியதும் அவமானப்பட்டதுபோல் திரும்பிப் போவார்.

இரு, பெய்லிஃப் சீட்டோடு வருகிறார்.

ஒன்றுமில்லை. ஜூரி அறையில் ஏசி அதிகமாம், குறைக்க வேண்டுமாம். இதற்கும் இரு தரப்பு வழக்கறிஞர்களையும் வரவழைத்து, நீதிபதி இருக்கையில் அமர்ந்து, சீட்டைப் படித்துக் காட்டி, அதற்கொரு எண் போட்டுக் கோப்பில் சேர்த்தோம். சீட்டு வருகிறது என்றதும் கூண்டில் இருப்பவரின் நிறம் மாறியது. ஏசி என்றதும் அவர்தான் முதலில் சிரித்தார். பன்னிரண்டு பேரும் ஒருமனதாக முடிவு சொல்ல வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் கலந்து பேசியும், இனி ஒத்துப்போக வழியில்லை என்று நீதிபதிக்குத் தோன்றினால், பதினொரு பேரின் முடிவை ஏற்கலாம். 2008இலிருந்து இங்கே அப்படி. கொலை போன்ற சில வழக்குகளுக்கு அது கிடையாது. எங்கள் கடிகாரம் இன்னும் எட்டைத் தொடவில்லை.

எங்கே விட்டேன்? மற்ற இரண்டு வாக்கியங்களையும் பிறகு சொல்கிறேன், இப்போது அவற்றைப் பேசினால் கை நடுங்கும்.

சேம்பரைப் பற்றிச் சொல்கிறேன். கோர்ட்டில் எனக்கு எழுதிக்கொடுத்த வரிகள் மட்டும்தான். சேம்பர் கதவைச் சாத்தியதும் நேர் எதிர்: பேசாவிட்டால்தான் நீதிபதிக்குக் கோபம் வருகிறது. "உனக்கு என்ன தோன்றுகிறது?" இந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு நான்கு முறையாவது கேட்பார். முதல் மாதம் அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்ததையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "என் கருத்து எனக்கே தெரியும், அதைக் கேட்க உனக்குச் சம்பளம் எதற்கு?" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு தண்டனை வழக்கு. எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டார். ஏழு வருடம் என்றேன். ஏன் ஆறு இல்லை? ஏன் எட்டு இல்லை? என்னிடம் பதில் இல்லை. பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தைப் படித்த கோபத்தில் வாயில் வந்த எண் அது. இதே மாதிரி உண்மைகள் உள்ள பழைய வழக்குகளை எடுத்து வா என்றார். ஒரு மாலை முழுவதும் படித்தேன். என் ஏழு எங்குமே நிற்கவில்லை. அவர் கொடுத்ததும் ஏழைவிடக் குறைவுதான். எனக்கு இன்றுவரை அது முழுக்க ஒப்பவில்லை, ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று இப்போது வரிசையாகச் சொல்ல முடியும். நீ பாஸ் ஓவர் கேட்டுவிட்டு வெளியேறும்போது, உள்ளே ஒரு தலை இப்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் என்று தெரிந்துகொள். வக்கீலாக மட்டும் இருந்திருந்தால் நான் இதைப் பார்த்திருக்கவே மாட்டேன். முடிவெடுத்த முகத்தைத்தான் நாம் எப்போதும் பார்க்கிறோம்.

செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ நம்பமாட்டாய். தண்டனை விதிக்கும்போது, விசாரணைக் காலத்தில் ஏற்கெனவே சிறையில் இருந்த நாட்களை எண்ணி, அவை தண்டனையில் கழிந்ததாக நீதிபதி அறிவிப்பார். பதிவேட்டில் அந்த எண்ணை எழுதுவது நான். 231 நாள் என்று இருந்ததை 213 என்று எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடும் முன் அவர் கண்ணில் பட்டது. திட்டவில்லை. "பதினெட்டு நாள் குறைகிறது. யார் போய் இருந்துவிட்டு வருவது, நீயா நானா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எந்த எண்ணையும் விரலால் தொட்டுப் படிக்கிறேன். மளிகைச் சீட்டைக்கூட.

வரைவுத் தீர்ப்பைத் திருத்தும்போது உரக்கப் படிக்கச் சொல்வார். மூச்சு எங்கே வாங்குகிறதோ அங்கே வாக்கியம் உடைய வேண்டும் என்பது அவர் கணக்கு. தோற்றவருக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டுமாம், வென்றவர் எப்படியும் கடைசிப் பக்கத்தைத்தான் படிப்பார்.

வருடத்தில் சில வாரம் சர்க்யூட். ஊர் ஊராகப் போய்க் கோர்ட் நடத்துவது. நான் போனது ரோமாவுக்கு. ரோம் இல்லை, ரோமா. பிரிஸ்பேனிலிருந்து மேற்கே சுமார் 480 கிலோமீட்டர், ஆஸ்திரேலியாவிலேயே பெரிய மாட்டுச் சந்தை அங்கேதான். சின்ன ஊர் என்பதால் ஜூரிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சாட்சியைத் தெரியும் என்றார்கள், மீதிப் பேர் சாட்சியின் மாமாவைத் தெரியும் என்றார்கள். அரசுத் தரப்பு வக்கீல், எதிர்த் தரப்பு வக்கீல், நாங்கள், எல்லோருக்கும் தங்க ஒரே விடுதி. மாலையில் உணவகத்துக்குள் நுழைந்தால் அவர்களில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். உடனே நீதிபதி திரும்பி நடப்பார், பின்னாலேயே நான். மூன்றாம் நாள் இரவு அறையில் ரொட்டியும் வாழைப்பழமும்தான். நடுநிலை என்பது பசியோடு தொடர்புடையது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை.

எல்லாம் தேனும் பாலும் என்று நினைத்துவிடாதே. எங்கள் வழக்குகளில் கணிசமானவை குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள். குழந்தையின் சாட்சியத்தை முன்கூட்டியே ஒளிப்பதிவு செய்து ஜூரிக்குப் போட்டுக் காட்டுவார்கள். ஒளிப்பதிவின்போதும் நான் இருந்தாக வேண்டும், போட்டுக் காட்டும்போதும் இருந்தாக வேண்டும். முகத்தில் எதுவும் தெரியக் கூடாது, ஜூரி என்னையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா "இன்று என்ன ஆயிற்று?" என்பார். ஒன்றுமில்லை என்பேன். வாயைத் திறந்தால் மூடாத என்னை, "நீ மாறிவிட்டாய்" என்று அம்மா இரண்டு முறை சொல்லிவிட்டார். ஒரு முறை ரயிலில் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன், எதை யோசித்தேன் என்று உன்னிடமும் சொல்ல முடியாது.

இன்னொன்று. இந்த வேலையில் உன் எதிர்காலம் ஒரே ஒருவரின் கையில் இருக்கிறது. நாளைக்கு எங்கே விண்ணப்பித்தாலும் அவர் சொல்லும் ஒரு வார்த்தைதான் உன் சான்றிதழ். 2020இல் இங்குள்ள ஹைகோர்ட்டே ஏற்பாடு செய்த ஒரு விசாரணையில், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அந்த நீதிமன்றத்தில் அசோசியேட்களாக இருந்த ஆறு பெண்களுக்குப் பாலியல் தொல்லை கொடுத்தது தெரியவந்தது. தலைமை நீதிபதி வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார். அத்தனை படித்த, அத்தனை சட்டம் தெரிந்த பெண்கள் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று சிலர் கேட்டார்கள். இந்த நாற்காலியில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு வாய்த்தவர் நல்லவர். ஆனால் அது அதிர்ஷ்டமாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

மீனா, மறுபடியும் சீட்டு. இது ஏசி இல்லை. போய்விட்டு வருகிறேன்.

இரவு

முடிந்துவிட்டது. என்ன தீர்ப்பு என்று கேட்காதே. மூன்றாவது வாக்கியத்தை இன்று சொன்னேன்: முடிவுக்கு வந்துவிட்டீர்களா, குற்றவாளி என்கிறீர்களா இல்லை என்கிறீர்களா? ஜூரியின் தலைவரை இந்த மாநிலத்தில் ஸ்பீக்கர் என்பார்கள். அவர் பதில் சொன்னதும், உங்கள் ஸ்பீக்கர் இப்படிச் சொல்கிறார், நீங்கள் எல்லோரும் இப்படியே சொல்கிறீர்களா என்று நான் கேட்க வேண்டும். என் கேள்விக்கும் அவர்கள் பதிலுக்கும் நடுவே ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடியில் கோர்ட்டில் யாரும் மூச்சு விடுவதில்லை. கடைசி வரிசையில் ஒரு பெண் தன் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். எந்தத் தரப்பு உறவினர் என்று எனக்குத் தெரியாது.

நான்காவது வாக்கியம், குற்றவாளி என்று முடிவான பிறகு சொல்வது: சட்டப்படி தண்டனை விதிக்கக் கூடாது என்பதற்கு நீங்கள் சொல்ல ஏதாவது இருக்கிறதா? சடங்குக் கேள்வி. அநேகமாக யாரும் எதுவும் சொல்வதில்லை, வக்கீல் எழுந்து பேசத் தொடங்கிவிடுவார். மார்ச் மாதம் ஒருவர் மட்டும் என்னையே பார்த்து, "நீங்கள் கேட்டதற்கு நன்றி" என்றார்.

டிசம்பரோடு என் தவணை முடிகிறது. அதற்குப் பிறகு வக்கீல் நிறுவனமா, அரசுத் தரப்பா, எதிர்த் தரப்பா, இன்னும் முடிவாகவில்லை. நாளைக் காலை அடுத்த வழக்குக்குப் பெட்டியில் சீட்டுகளைப் போட்டு வைக்க வேண்டும், படுக்கப் போகிறேன். உன் சீனியர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, பாஸ் ஓவர் கேட்காமல் நீயே ஒரு மனுவை வாதாடிவிட்டு எழுது. தோற்றாலும் பரவாயில்லை, நீதிபதி உன்னிடம் என்ன கேட்டார் என்பது ஒரு வரிகூட விடாமல் எனக்கு வேண்டும்.

அன்புடன்,
சுதா