ஒளியை எதுவும் முந்தவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமங்கலத்தில் 41 வருடமாக ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இப்போது வருவதெல்லாம் மிக்சியும் டேபிள் ஃபேனும்தான். இருந்தாலும் போர்டில் 'ரேடியோ' என்ற எழுத்தை அழிக்க மனசு வரவில்லை.

போன சனிக்கிழமை தங்கள் மாணவர் இணைப்பில் 'ஒளியை முந்தும் கருந்துளை' என்று ஒரு செய்தி. ஜி.ஆர்.எஸ். 1915+105 என்ற இடத்தில் ஒரு கருந்துளை துப்பிய பொருள் ஒளியைப் போல 1.25 மடங்கு வேகத்தில் ஓடியதாகவும், விஞ்ஞானிகள் அதன் சத்தம் கேட்டதாகவும் போட்டிருந்தீர்கள். பக்கத்து வீட்டில் ஒன்பதாவது படிக்கும் பிள்ளை அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டது. "தாத்தா, ஒளிய எதுவும் முந்தாதுன்னு டீச்சர் சொன்னாங்க. பேப்பர்ல முந்திருச்சுன்னு போட்ருக்கு. யாரு சொல்றது சரி?" என்றாள். "டீச்சர் சொல்றதுதான் சரி" என்றேன். நம்பவில்லை. அச்சில் வந்ததாயிற்றே!

செய்தியில் வந்த ஜி.ஆர்.எஸ். 1915+105 கழுகு விண்மீன் கூட்டத்துப் பக்கம் இருக்கிறது. ஒரு கருந்துளை, அதற்கு ஜோடியாக ஒரு விண்மீன். விண்மீனிலிருந்து இழுபடும் வாயு வட்டமாகச் சுழன்று உள்ளே விழுகிறது; அதில் ஒரு பங்கு மட்டும் இரண்டு பக்கமும் பீய்ச்சி அடிக்கிறது. (கருந்துளை தன் வயிற்றிலிருந்து துப்புவதாகத் தாங்கள் எழுதியது தவறு. உள்ளே போனது போனதுதான். வாசல் தள்ளுமுள்ளில் வெளியே எறியப்பட்டதுதான் நமக்குத் தெரிவது.) 1994-ல் மிராபெல், ரோட்ரிகஸ் என்ற இருவர் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள வி.எல்.ஏ. என்ற ரேடியோ தொலைநோக்கியால் (வானத்திலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடிப்பது) இதை விடாமல் படம் எடுத்தார்கள். பீய்ச்சி அடித்த வாயு படத்தில் இரண்டு பொட்டுகளாகத் தெரிந்தது; அவை நாளுக்கு நாள் விலகிப் போயின. கணக்குப் போட்டால் ஒரு பொட்டு ஒளியைப் போல 1.25 மடங்கு வேகத்தில் ஓடுவதாகத் தெரிந்தது. இது கண்ணுக்குத் தெரியும் வேகம். உண்மை வேகம் ஒளியில் 92 சதவீதம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். தங்கள் செய்தியாளர் முதல் எண்ணோடு எழுந்து போய்விட்டார்.

அந்தப் பிள்ளைக்கு அழகரை வைத்துத்தான் விளங்க வைத்தேன். அழகர்கோவிலில் பல்லக்கு கிளம்பும்போது ஒரு அதிர்வேட்டு, தல்லாகுளம் வந்து சேரும்போது இன்னொன்று. இடையில் 20 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நாம் தல்லாகுளத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறோம். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். பல்லக்கு அதில் பத்தில் ஒன்பது பங்கு வேகத்தில் பறந்து வருகிறது (மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று வரும் அழகர் இதற்கு என்னை மன்னிக்கட்டும்). முதல் வேட்டுச் சத்தம் நம் காதுக்கு வர 59 நொடி. பல்லக்கு வந்து சேர 65 நொடி. ஆக, இரண்டு வேட்டும் ஆறேழு நொடி இடைவெளியில் கேட்கும். 20 கிலோமீட்டரை ஆறேழு நொடியில் கடந்துவிட்டார் என்று நாம் கணக்கெழுதினால், அழகர் ஒலியைப் போல ஒன்பது மடங்கு வேகம்! தன் சத்தத்தின் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்ததால் வந்த வினை. வானத்துப் பொட்டும் அப்படியே தன் ஒளியைத் துரத்திக்கொண்டு வருகிறது. ஆனால் நேரே நம் முகத்துக்கு வராமல் 70 பாகை விலகி ஓடுவதால் ஏமாற்றம் அந்த அளவுக்கு இல்லை.

இன்னொன்று. அன்று அந்தப் பொருளுக்குச் சுமார் 40,000 ஒளியாண்டு தூரம் என்று வைத்திருந்தார்கள். 2014-ல் நேரடியாக அளந்தபோது 28,000 அளவில்தான் வந்தது. தூரம் குறைந்தால் ஓடிய வழியும் குறையும். அந்த 1.25 இப்போது ஒன்றுக்குக் கீழே, அதாவது ஒளி வேகத்துக்கும் குறைவாக, இறங்கிவிடும். இப்படி ஏமாற்றும் வேறு பீய்ச்சல்கள் உண்டு என்பது வேறு விஷயம். 2018-ல் திடீரென்று பிரகாசித்த மாக்ஸி ஜே1820+070 என்ற இன்னொரு கருந்துளையிலும் பார்த்திருக்கிறார்கள்.

'விஞ்ஞானிகள் சத்தம் கேட்டனர்' என்பதும் என் தொழிலில் இருப்பவனுக்கு உறுத்துகிறது. ரேடியோ அலை சத்தம் அல்ல. சத்தம் ஸ்பீக்கரில்தான் பிறக்கிறது. கடைக்கு எதிரே மாவு மில் ஓடும்போதெல்லாம் என் டிரான்சிஸ்டர் கரகரக்கும். உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் கறுப்பு ஃபெரைட் ராடின் முனையை அது வரும் பக்கம் நீட்டினால் இரைச்சல் அடங்கும். தெருவில் இரண்டு இடத்தில் நின்று அப்படித் திருப்பிப் பார்த்து, மில்லின் ஸ்டார்ட்டரில் லூஸ் கனெக்‌ஷன் என்று கண்டுபிடித்தேன். திசை துல்லியமாக வேண்டுமென்றால் ஆன்டெனாக்கள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். வி.எல்.ஏ.யில் 27 கிண்ண ஆன்டெனாக்களை 36 கி.மீ. வரை பரப்பி வைப்பது அதனால்தான். புனே பக்கம் கோடாடில் நம் நாட்டுக்கே 45 மீட்டர் அகலத்தில் 30 இருக்கின்றன. ஊட்டி முத்தோரையில், 530 மீட்டர் நீளத்துக்கு, 1,100 எவர்சில்வர் கம்பிகளை இழுத்துக் கட்டிய ரேடியோ தொலைநோக்கி 1970-லிருந்து நிற்கிறது. குடும்பம் போட் ஹவுசில் வரிசையில் நின்றபோது நான் பஸ் பிடித்துப் போய் ரோட்டிலிருந்தே அதைப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டில் இன்றுவரை அதற்குப் பேச்சு வாங்குகிறேன்.

திருத்தம் போடுவதாக இருந்தால், உள்பக்க மூலையில் வேண்டாம். செய்தி வந்த அதே மாணவர் இணைப்பில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். கத்தரித்த பழைய துண்டு இன்னும் அந்தப் பிள்ளையின் அறிவியல் நோட்டில் ஒட்டியபடியே இருக்கிறது. பக்கத்தில் இன்னொன்று ஒட்ட இடம் விட்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு ரேடியோ மெக்கானிக்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்