யார்க் நகரத்துக்கு அரை நாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார ஞாயிறு இணைப்பில் வந்த பிரிட்டன் பயணக் கட்டுரையைப் படித்தேன். லண்டனுக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியவர் யார்க் நகரத்துக்குக் கொடுத்தது மூன்றே வரி. அரை நாள் போதுமாம், பெரிய தேவாலயம் ஒன்று, குறுகலான பழைய கடைத்தெரு ஒன்று, மேட்டின் மேல் செல்ஃபிக்குத் தோதான குட்டிக் கோட்டை ஒன்று. முதல் இரண்டு வரியை விட்டுவிடலாம், அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் அதே இடத்தில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டவள்தான்.

அது முதல் பயணம். பத்து நாளில் பிரிட்டன் முழுக்கச் சுற்றிக் காட்டுகிறோம் என்று கூட்டிப்போனவர்கள் காலை பதினொன்றுக்கு இறக்கிவிட்டு, ஒரு மணிக்கு வண்டி கிளம்பிவிடும் என்றார்கள். கழிப்பறை வரிசையிலேயே இருபது நிமிடம் போயிற்று. தேவாலயத்தை வெளியே நின்று அண்ணாந்து பார்த்தோம், ஓட்டமும் நடையுமாக அந்த மேட்டுக்கு வந்தோம், சரிவு முழுக்க மஞ்சள் மஞ்சளாக டாஃபடில் பூக்கள், படம் எடுத்தோம், வண்டி ஏறினோம். ஊருக்கு வந்து சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அந்தப் படத்தை அனுப்பியும் வைத்தேன்.

இரண்டாம் தடவை லீட்ஸில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து நாங்களாகவே ரயிலில் போனோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே மதில்தான். சுமார் 3.4 கிலோமீட்டர் நீளம், இங்கிலாந்தில் இவ்வளவு நீளத்துக்குப் பழைய நகர மதில் மிஞ்சியிருக்கும் ஊர் வேறு கிடையாது. மேலே ஏறி நடக்கக் காசு வாங்குவதில்லை. 1800 வாக்கில் ஊர் நிர்வாகமே இதை இடித்துத் தள்ளப் பார்த்தது, எதிர்ப்புக் கிளம்பியதால்தான் பிழைத்தது. எனக்கு முழங்கால் வலி, முழுச் சுற்றும் நடக்க முடியாது, அதனால் பூத்தம் பார் என்கிற கோட்டை வாசலில் ஏறி மங்க் பார் என்கிற அடுத்த வாசலில் இறங்கினேன். அந்த ஒரு துண்டு போதும், ஒரு பக்கம் தோட்டங்களுக்குப் பின்னால் தேவாலயம் நம்முடனேயே நகர்ந்து வருகிற மாதிரி இருக்கும். சில இடங்களில் உள்பக்கம் தடுப்புக் கம்பி இல்லை, குழந்தைகளோடு போகிறவர்கள் கையை விடாதீர்கள்.

மதில் ஏறுமுன் ஒரு நல்ல காரியம் செய்தோம். பூத்தம் பாருக்குப் பக்கத்துச் சதுக்கத்தில் காலையில் தன்னார்வ வழிகாட்டிகள் நிற்பார்கள். 1951 முதல் இலவசமாக ஊரைச் சுற்றிக் காட்டி வருகிற சங்கம். எங்களுக்கு வந்தவர் எழுபது வயது தாண்டிய பெரியவர். முடிந்ததும் என் கணவர் ஐந்து பவுண்டு நோட்டை நீட்ட, அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தார். இந்த ஊரில் தெருவுக்குப் பெயர் கேட், கோட்டை வாசலுக்குப் பெயர் பார், குடிக்கிற பாருக்குப் பெயர் பப் என்று ஆரம்பத்திலேயே எங்கள் குழப்பத்தைத் தீர்த்ததும் அவர்தான். 866-இல் வைக்கிங்குகள் ஊரைப் பிடித்தார்கள், அவர்கள் மொழியில் தெருவுக்கு கட்டா, அதுதான் கேட் ஆகி ஒட்டிக்கொண்டதாம்.

அவர் காட்டியதில் எனக்குப் பிடித்தது அருங்காட்சியகத் தோட்டத்தில் நிற்கிற பலகோணக் கோபுரம். கீழ்ப்பாதி ரோமர்கள் கட்டியது, சின்னச் சின்னக் கற்கள், நடுவே சிவப்பு ஓட்டு வரிசை. மேல்பாதி இடைக்காலத்தது, கல் பெரிதாகிவிடுகிறது. 71-ஆம் ஆண்டில் ரோமப் படை பாளையம் இறங்கிய இடம் இது. கான்ஸ்டன்டைனை 306-இல் படைவீரர்கள் பேரரசராக அறிவித்ததும் இந்த ஊரில்தான், தேவாலயத்துக்கு வெளியே அவர் சிலை உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கோபுரத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம். ஒரு அணில் வந்து பக்கத்திலேயே நின்றது, அதற்குக் காரம் ஆகாது என்று மகள் தடுத்துவிட்டாள்.

அப்புறம் மின்ஸ்டர் தேவாலயம். டிக்கெட் விலை எங்களுக்கு அதிகம்தான், மறைக்கவில்லை, ஆனால் உள்ளே போகாமல் திரும்புவதற்கு அந்த ஊருக்கே போக வேண்டாம். 1220 வாக்கில் ஆரம்பித்து 1472-இல் முடித்த கட்டடம். கிழக்குச் சுவரில் ஒரு டென்னிஸ் மைதான அளவுக்கு ஒரே கண்ணாடி ஜன்னல், 1405-இல் தொடங்கி மூன்றே ஆண்டில் ஜான் தார்ன்டன் என்பவர் முடித்துக் கொடுத்தது, சம்பளம் மொத்தம் 56 பவுண்டு. மேலே உலகம் படைக்கப்படுகிறது, கீழே வர வர உலகம் அழிகிறது. கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன். தெற்குப் பக்கக் கூரை 1984 ஜூலையில் தீப்பிடித்து விழுந்துவிட்டது. திரும்பக் கட்டும்போது பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியில் போட்டி வைத்து, ஜெயித்தவர்களின் ஓவியங்களை மரத்தில் செதுக்கிக் கூரையில் பொருத்தியிருக்கிறார்கள். நிலவில் மனிதன் கால் வைப்பதுகூட அங்கே இருக்கிறது. தேவாலயக் கூரையில் நிலா மனிதன்! முகம் திருப்பாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்களே.

ஷாம்பிள்ஸ் கடைத்தெரு கூட்டம் தாங்கவில்லை. ஏதோ மந்திரவாதிப் பையன் படத்தை அங்கே எடுத்ததாக நினைத்துப் பாதிப்பேர் வருகிறார்கள், படம் அங்கே எடுக்கப்படவேயில்லை. அது கசாப்புக் கடைத்தெரு, இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. அங்கே கசாப்புக்காரர் ஒருவரின் மனைவி மார்கரெட் கிளித்ரோ, கத்தோலிக்கப் பாதிரிகளை ஒளித்துவைத்ததற்காக 1586-இல் பிடிபட்டு, வழக்குக்குப் பதில் சொல்ல மறுத்ததால், மேலே கதவை வைத்துப் பாறாங்கல் ஏற்றிக் கொல்லப்பட்டார். அவருக்கு அந்தத் தெருவில் ஒரு சின்ன வழிபாட்டு அறை இருக்கிறது. உள்ளே இருந்தது நாங்கள் மூன்று பேர் மட்டும்.

இனி அந்த மேடு. பெயர் கிளிஃபோர்ட் கோபுரம். இப்போது நிற்கிற கல் கோபுரம் பிறகு வந்தது, 1190-இல் அங்கே இருந்தது மரக் கோபுரம். அந்த ஆண்டு மார்ச் மாதம் ஊரில் யூதர்களுக்கு எதிராகக் கலவரம் கிளம்ப, சுமார் 150 பேர் குடும்பம் குடும்பமாக அரசனின் பாதுகாப்பை நம்பி அதற்குள் போய்ப் புகுந்தார்கள். கும்பல் சூழ்ந்துகொண்டது. அதை முன்னின்று நடத்தியவர்களில் யூதர்களிடம் கடன் வாங்கியிருந்தவர்களும் உண்டு. தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் பெரும்பாலோர் தங்கள் பிள்ளைகளையும் மனைவியையும் தங்கள் கையாலேயே கொன்று தாங்களும் இறந்தார்கள், கோபுரம் எரிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகாது என்ற வாக்கை நம்பி வெளியே வந்தவர்களைக் கும்பல் வெட்டிப்போட்டது. அதோடு விடவில்லை, நேராக மின்ஸ்டருக்குப் போய் அங்கே வைத்திருந்த கடன் பத்திரங்களை எரித்தார்கள். காலையில் நான் கழுத்து வலிக்கப் பார்த்த அதே இடம். (இப்போதைய கட்டடம் அதற்குப் பிறகு எழுந்தது என்றாலும்.)

இதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. மேட்டின் அடியிலேயே 1978-இல் வைத்த நினைவுக் கல் இருக்கிறது, முதல் தடவை அதைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன். அந்த மஞ்சள் பூக்களுக்கு ஆறு இதழ், யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரத்துக்கும் ஆறு முனை, அதனால்தான் நினைவாக அங்கே நட்டார்கள் என்று சொல்கிறார்கள். என் படத்தில் அந்தப் பூக்களுக்கு நடுவில் நிற்கிறேன், இரண்டு விரலை வேறு தூக்கிக் காட்டிக்கொண்டு.

கட்டுரை எழுதியவர் மேல் கோபம் இல்லை, அவரையும் ஒரு மணிக்கு வண்டி கிளம்பும் என்று யாரோ விரட்டியிருப்பார்கள். அந்தக் கட்டுரையைப் புத்தகமாகப் போடும் எண்ணம் இருந்தால் 'செல்ஃபி' என்ற சொல்லை மட்டுமாவது எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருச்சி.

பி.கு.: பொன்மலை பணிமனையில் முப்பது வருடம் வேலை பார்த்த என் கணவர், ரயில் அருங்காட்சியகத்தை எழுதாமல் தபாலில் போடக் கூடாது என்கிறார். ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே இருக்கிறது, இலவசம். 1938-இல் மணிக்கு 126 மைல் ஓடிய மல்லார்ட் நீராவி இன்ஜின் அங்கேதான் நிற்கிறது, ஜப்பான் புல்லட் ரயில் பெட்டியும் இருக்கிறது. அவரை அங்கே விட்டுவிட்டுத்தான் நானும் மகளும் மேட்டுக்குப் போனோம். திரும்பி வரும்போதும் அதே இன்ஜின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.