பிரைமர் பாக்கெட்டைப் பாழாக்கும் உங்கள் யூனிஃபார்மர் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்தை உங்கள் ஆட்களிடம் போனிலும் மின்னஞ்சலிலும் நேரிலும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புது ஆள், புதுப் புகார் எண், மறுபடியும் முதலிலிருந்து கதை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சுடுதல் போட்டிக்கான என் தோட்டாக்களை நானே தயாரிக்கிறேன். தோட்டாவின் பித்தளைக் கூடுதான் கேஸ்; அடிபட்டதும் வெடித்து உள்ளே இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோகக் குப்பிதான் பிரைமர்; கேஸின் அடியில் அது உட்காரும் குழி பாக்கெட்; அந்தக் குழிகளை ஒரே ஆழத்துக்கு வெட்டிச் சீராக்கும் கருவி யூனிஃபார்மர். லார்ஜ் ரைஃபிள் என்ற பெரிய அளவு பிரைமருக்கான உங்கள் பாக்கெட் யூனிஃபார்மர், ஆழத்தை மாற்ற முடியாத அந்த கார்பைடு முனை மாடல், பாக்கெட்டை 0.138 அங்குலம் வரை வெட்டித் தள்ளுகிறது. அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. தரப்படி ஆழம் 0.125 முதல் 0.132 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இந்தக் கருவியைச் செய்து விற்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் முதல் வேதனை.

நான் பயன்படுத்தும் பிரைமரின் உயரம் சுமார் 0.128 அங்குலம். ஒழுங்கான பாக்கெட்டில் அழுத்தினால் கேஸின் அடிமட்டத்திலிருந்து 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே போய் உட்காரும். உங்கள் கருவி வெட்டிய பாக்கெட்டில் 0.010 அங்குலம் உள்ளே போய்விடுகிறது. 0.008-க்கு மேல் போகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? சரி, அவ்வளவு ஆழம் போகாமல் நிறுத்தி அழுத்தினால் பிரைமருக்குள் இருக்கும் ஆன்வில் என்ற சிறு உலோகத் துண்டின் கால்கள் பாக்கெட்டின் தரையைத் தொடுவதில்லை. துப்பாக்கியின் ஃபயரிங் பின் (பிரைமரை அடிக்கும் ஊசி) அடிக்கும் வேகமெல்லாம் பிரைமரை இன்னும் உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. போட்டியின் நடுவில் ட்ரிகரை இழுத்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தாமதமாக வெடிக்குமோ என்று துப்பாக்கியை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். என் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை உங்கள் தொழில்நுட்ப உதவி ஆளிடம் சொன்னபோது அவர் சொன்ன பதில்: "பிரைமர் வெளியே நீட்டிக்கிட்டு இருந்தாதான் ஆபத்து. உள்ளே போனா நல்லதுதானே? உங்களுக்கு அளக்கத் தெரியலைன்னு நினைக்கிறேன்." சொல்லிவிட்டு நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார். அம்மா, ஐயா, யார் இதைப் படித்தாலும் சரி, அளக்கத் தெரியாதவன் என்று ஒரு வாடிக்கையாளரைச் சொல்ல அவருக்கு யார் உரிமை கொடுத்தது? நீட்டிக்கொண்டிருக்கும் பிரைமர் ஆபத்துதான், தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டை மூடும்போதே வெடித்துவிடலாம். அதற்காக அளவுக்கு மீறிய ஆழம் நல்லது என்று ஆகிவிடுமா?

அதற்கு முன்பு பேசியவர், நான் அதிகமாக அழுத்தி வெட்டியிருப்பேன் என்றார். கருவியின் தடுப்பு விளிம்பு கேஸின் அடியில் முட்டிய பிறகு எவ்வளவு அழுத்தினாலும் முனை கீழே இறங்காது. அதற்குத்தானே அந்த விளிம்பையே வைத்திருக்கிறீர்கள்! ஆழம் அளக்கும் டெப்த் மைக்ரோமீட்டரால் வெவ்வேறு கம்பெனி கேஸ்களை அளந்துவிட்டேன், எல்லாவற்றிலும் அதே ஆழம். நண்பரின் பழைய யூனிஃபார்மரால் வெட்டிய கேஸ் 0.131 காட்டுகிறது, அதே மைக்ரோமீட்டரில்தான். அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது?

நேரில் கொண்டு வந்தால் உடனே மாற்றித் தருவதாக உங்கள் ஆட்கள் மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். நம்பி, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, வெட்டிய கேஸ்களையும் மைக்ரோமீட்டரையும் தூக்கிக்கொண்டு உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்தேன். வரவேற்பில் இருந்தவர் கருவியைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. கூரியரில்தான் அனுப்ப வேண்டுமாம். அவர்கள் மின்னஞ்சலையே காட்டினேன். "அதை அனுப்பினது வேற டிபார்ட்மென்ட்" என்றார். அப்போதும் நான் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அளக்கத் தெரியாதவன் என்ற அந்தப் பேச்சு மட்டும் திரும்பும் வழியெல்லாம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெட்டிய பித்தளையைத் திரும்ப ஒட்ட முடியாது. எடை பார்த்து, கழுத்துத் தடிமன் பார்த்துப் பிரித்து வைத்த கேஸ்கள் அத்தனையும் குப்பைக்குப் போகின்றன. இந்த சீசனே எனக்குப் போய்விட்டது, என் உழைப்பு முழுவதையும் உங்கள் ஒரு கருவி தின்றுவிட்டது.

தயவுசெய்து கருவியின் முழுப் பணத்தையும், கெட்டுப்போன கேஸ்களுக்கு ஈடாகப் புதிய கேஸ்களையும் இந்த மாத இறுதிக்குள் கொடுங்கள். அந்தத் தொழில்நுட்ப ஆள் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதே தயாரிப்பில் வந்த மற்ற முனைகளையும் அளந்து பாருங்கள், இன்னொருவர் கேஸ்களும் வீணாக வேண்டாம். பதில் வராவிட்டால் அளவுக் குறிப்புகள், படங்கள், உங்கள் மின்னஞ்சல்கள் அனைத்தோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அங்கே வந்து எனக்கு அளக்கத் தெரியாது என்று அவர் சொல்லட்டும்.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாடிக்கையாளர்