கேஜ் பிடிப்பவன் எழுதும் கடிதம்

கோயம்புத்தூர்,
11 ஜனவரி 2026

அன்புள்ள மாணிக்கம்,

உனக்கும் வீட்டில் அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள். நான்கு ஆண்டுகள் பேசாமல் இருந்தவன் திடீரென்று வாழ்த்து அனுப்பினால் கைமாற்று கேட்கப்போகிறான் என்றுதான் ஒரு வக்கீலுக்குத் தோன்றும். அதெல்லாம் இல்லை. இரண்டே புள்ளிகளில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய உலகப் பட்டத்தைப் பறிகொடுத்த வீட்டுக்கு ஒரு மாதம் கழித்தாவது துக்கம் விசாரிக்கப் போவது முறை என்று பட்டது. அபுதாபியில் உன் வெர்ஸ்டாப்பன் முதலாவதாக வந்தும், மூன்றாவதாக வந்த நாரிஸ் 423-க்கு 421 என்று பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனபோது உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மறைப்பானேன், கொஞ்சம் சிரித்தேன். பார்சலோனாவில் ரஸ்ஸலை இடித்து, பத்து விநாடி தண்டனை வாங்கி, ஐந்தாம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்கு இறங்கியதில் போன ஒன்பது புள்ளிகளை எண்ணி நீயே உன் ஆளைத் தனியாகத் திட்டியிருப்பாய், ஆனால் என் முன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாய்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து, இப்போது செய்தித்தாளைத் தானே படித்து எங்களுக்கும் சொல்கிறாள். எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. வேலை அதே பம்ப் தொழிற்சாலையில், அதே ஆய்வு மேசையில். பாலாஜி மறுபடியும் நிலம் வாங்கியிருக்கிறான். எங்கே என்று மட்டும் கேட்காதே.

கடிதம் எழுத வைத்தவள் கயல்தான். பிளஸ் டூ படிக்கிறாள், படிப்பைவிட நாரிஸைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறாள். நவம்பர் 23 ஞாயிறு காலை லாஸ் வேகஸ் பந்தயத்தை இருவரும் சேர்ந்து பார்த்தோம். நாரிஸ் இரண்டாவதாக வந்ததில் அவளுக்கு நிம்மதி. மதியச் சாப்பாடு முடிந்து நான் கண்ணயரும் நேரத்தில் கைபேசியைத் தூக்கிக்கொண்டு அழாத குறையாக ஓடி வந்தாள். நாரிஸும் பியாஸ்ட்ரியும் இருவருமே தகுதி நீக்கம். காரின் அடியில் இருக்கும் பலகை, தேய்ந்த பிறகும் 9 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும் அல்லவா, நாரிஸின் காரில் ஓரிடத்தில் அது 8.88 ஆக இருந்திருக்கிறது. "வேண்டுமென்றே செய்யவில்லை என்று பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகளே எழுதியிருக்கிறார்கள், அப்புறம் எதற்கு நீக்க வேண்டும்?" என்று கேட்டாள். நான் தலையணையிலிருந்து தலையைத் தூக்காமல், "அளவு அளவுதான் கண்ணு, 0.12 குறைந்தாலும் குறைவுதான்" என்றேன்.

சமையலறையிலிருந்து அவள் அம்மா குரல் கொடுத்தாள்: "பிரேசில் இன்டர்லாகோஸில் ஹாமில்டனுக்கு 0.2 என்றபோது இந்த மனிதர் ராத்திரி சாப்பிடாமல் படுத்தார், தெரியுமா?"

மாணிக்கம், அந்த ஒரு வரிக்கு என்னிடம் பதில் இல்லை. தூக்கம் போய்விட்டது.

2021 நவம்பரில் அந்த வார இறுதி முழுவதும் நாம் தொலைபேசியில் கத்தியதை நீ மறந்திருக்க மாட்டாய். வெள்ளிக்கிழமை தகுதிச் சுற்று முடிந்ததும் ஹாமில்டனின் பின்னிறகை அளந்தார்கள். டிஆர்எஸ் என்கிற இறகு மடல் திறந்திருக்கும்போது இடைவெளி 85 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதைச் சோதிக்க 85 மில்லிமீட்டர் கேஜ், அதாவது அளவுக்கருவி, ஒன்றை 10 நியூட்டன் விசைக்கு மிகாமல் அந்த இடைவெளியில் வைத்து அழுத்துவார்கள், உள்ளே போனால் தோல்வி, போகாவிட்டால் தேர்ச்சி. நான் தினமும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கோ-நோகோ கேஜ் இதுதான். இறகின் நடுப்பகுதியில் கேஜ் நின்றது, ஓரத்தில் போய்விட்டது. பாகம் பழுதானதால் வந்த 0.2 மில்லிமீட்டர் அது, அதனால் அவனுக்கு என்ன லாபம், விதியின் நோக்கத்தைப் பார்க்க வேண்டாமா என்று நான் வாதாடினேன். நீ நிதானமாக, "நோக்கத்தை உன் கேஜ் அளக்குமா?" என்று கேட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஆள் இடம் மாறிக்கொண்டோம். 48-ஆம் சுற்றில், நான்காம் வளைவில், வெளிப்பக்கமாக வந்த ஹாமில்டனைத் தடுக்க வெர்ஸ்டாப்பன் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்து, தானும் தடத்தை விட்டு வெளியேறி, அவனையும் வெளியே தள்ளிக்கொண்டு போனான். விசாரணைகூட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அப்போது விதியின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு குதித்தவன் நான். பந்தயத்தின் உணர்வைப் பார், ஓட்டுநர்களை ஓட்டவிடு என்று உபதேசம் செய்தவன் நீ. வெள்ளிக்கிழமை என் வாயில் இருந்த வாதம் ஞாயிற்றுக்கிழமை உன் வாயில் இருந்தது, உன்னுடையது என்னிடம் இருந்தது, இருவருக்கும் அது உறைக்கவில்லை. 1994-இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் ஷூமாக்கருக்கு இதே காரடிப் பலகை தேய்ந்து வெற்றி பறிபோனதற்கு, காரைச் சுழலவிட்டு, தடத்தின் ஓர மேடான கெர்பின் மேல் ஏற்றியதால்தான் தேய்ந்தது என்று ஹாஸ்டலில் மூன்று வருடம் நீ சொன்ன கெர்ப் கதையையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள். அப்போது மட்டும் உனக்கு நோக்கம் தேவைப்பட்டது.

அன்று முதல் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு முடிவுக்கும் வந்திருக்கிறேன். பொருளை அளக்கும் விதிக்கு இரக்கம் கூடாது என்பதில் நீ சொன்னதே சரி. என் மேசைக்கு வரும் ஷாஃப்ட் டாலரன்ஸைத் தாண்டி இருந்தால், அதைக் கடைந்த பையனுக்கு அன்று காய்ச்சலா என்று நான் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் அன்றே என் வேலை கெட்டுவிடும். 2024 ஸ்பாவில் ரஸ்ஸல் ஒரே ஒரு முறை டயர் மாற்றிவிட்டு, தேய்ந்த டயரில் ஹாமில்டனைத் தடுத்து நிறுத்தி வென்றது அந்த ஆண்டின் அழகான ஓட்டங்களில் ஒன்று. எடை 798 கிலோ இருக்க வேண்டிய கார் 796.5 இருந்தது, வெற்றி போயிற்று. அது ஹாமில்டன் கைக்கு வந்ததே என்ற சந்தோஷம்கூட எனக்கு முழுதாக வரவில்லை, ஆனாலும் அந்தத் தீர்ப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஓட்டும் விதத்தை அளக்கப் போவதுதான் வினையாகிறது. இதை உனக்கு என் மேசையிலிருந்தே சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் பேரிங் உட்காரும் துளை ஒன்றை இரு வாய்களில் மட்டும் போர் கேஜ் வைத்துப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தோம். கடைசல்காரர் கெட்டிக்காரர். நான் எங்கே அளக்கிறேன் என்பதைக் கவனித்துவிட்டு, இரண்டு வாயிலும் நிதானமாக உளியை ஓட்டி, நடுவில் வேகமாகத் தள்ளிவிட்டார். என் சீட்டில் எல்லாம் சரி, துளையின் நடுவயிறு மட்டும் பெருத்துவிட்டது. ஆறு மாதத்தில் பம்புகள் சத்தம் போட்டுக்கொண்டு திரும்பி வந்தன. அவர்மேல் குற்றம் எழுத என்னால் முடியவில்லை, ஏனென்றால் நான் கேட்ட இரண்டு அளவுகளையும் அவர் துல்லியமாகவே கொடுத்திருந்தார்.

ஓட்டுநர்களுக்கான வழிகாட்டுக் கையேட்டில், பந்தய விதிகளை எழுதும் உலக அமைப்பான எஃப்ஐஏ செய்ததும் இதைத்தான். வெளிப்பக்கமாக முந்துகிறவனுக்கு இடம் கொடுக்க வேண்டுமா என்பதை, ஏபெக்ஸில், அதாவது வளைவின் உள்முனையில், யாருடைய முன்சக்கரம் முன்னால் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம் என்று எழுதினார்கள். எழுதியவர்களின் எண்ணம் நல்லதுதான்; ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு ஸ்டூவர்டு ஒவ்வொரு மாதிரி தீர்ப்புச் சொல்கிறார் என்று புலம்பியவர்களில் நீயும் நானும் உண்டு. ஆனால் வளைவில் எந்த இடத்தில் அளப்பார்கள் என்பது தெரிந்தவுடன், உள்ளே இருப்பவன் செய்ய வேண்டியது பிரேக்கைச் சற்று முன்னதாக விட்டுவிட்டு ஏபெக்ஸுக்கு முதலில் போய்ச் சேருவது மட்டுமே. அதன் பிறகு கார் தடத்தில் நிற்குமா என்ற கவலை அவனுக்கு இல்லை. 2024 ஆஸ்டினில், பன்னிரண்டாம் வளைவில், நாரிஸை வெர்ஸ்டாப்பன் அப்படித்தான் வெளியே அழைத்துப் போனான். இருவருமே தடத்துக்கு வெளியே போனார்கள், முந்தி வந்த நாரிஸுக்கு ஐந்து விநாடி தண்டனை, மூன்றாம் இடம் உன் ஆளுக்கு. அந்த ஓட்டத்தைப் பத்துத் தடவையாவது திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிரேக் போடும் இடத்தில் முன்னால் இருப்பவன் நாரிஸ், வளைவைவிட்டு வெளியே வரும்போதும் முன்னால் இருப்பவன் நாரிஸ், நடுவில் அந்த ஓர் இமைப்பொழுது மட்டும் வெர்ஸ்டாப்பனின் மூக்கு முன்னால் இருக்கிறது. இரண்டு வாயும் சரியாக இருந்த என் துளையைத் திருப்பிப் போட்டது போல இருந்தது.

ஒரே வாரம் கழித்து மெக்சிகோவில் அதே ஆள், அதே எதிரி, பத்தாம் சுற்றிலேயே இரண்டு முறை தள்ளினான், இரண்டுக்கும் தலா பத்து விநாடி. நீ கேட்பாய் என்று தெரியும்: ஒரு வாரத்தில் விதி மாறிவிட்டதா? மாறவில்லை. 2025-இல் பொதுவில் வெளியிட்டபோதும், இது வழிகாட்டுதல்தான், விதி அல்ல என்று அந்தக் கையேட்டிலேயே எழுதியிருந்தார்கள். ஆக, ஓட்டுநருக்கு அது விதி, ஸ்டூவர்டுக்கு வழிகாட்டி. இப்படி ஒரு ஏட்டை வைத்துக்கொண்டு நீ நீதிமன்றத்தில் என்ன பாடு படுத்தியிருப்பாய் என்று நினைத்தால் அவர்கள்மேல் இரக்கமே வருகிறது. (மோனாகோவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் தீர்ந்துவிடும். 2024-இல் முதல் பத்துப் பேர் புறப்பட்ட வரிசையிலேயே வந்து சேர்ந்தார்கள் என்று வெட்கப்பட்டு, 2025-இல் இரண்டு முறை டயர் மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். உடனே அணிகள் ஒரு காரை வேண்டுமென்றே ஊர விட்டு இன்னொரு காருக்கு இடைவெளி சம்பாதித்தன. ஆல்பனின் பின்னால் மாட்டிக்கொண்ட ரஸ்ஸல் பொறுமையிழந்து, தண்டனை வந்தால் வரட்டும் என்று சிகேன் என்கிற நெளிவளைவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனதுதான் அன்றைய ஒரே நேர்மையான செயல் என்பது என் கருத்து.)

ஆகவே, "எந்த விதியை மீறினான், காட்டு" என்று நீ அன்று கேட்டதற்கு, நான்கு ஆண்டு தாமதமாகப் பதில் சொல்கிறேன்: எதையும் மீறவில்லை. அளக்கும் இடத்தில் அளவு சரியாக இருந்தது. அவன்மேல் நான் கொட்டிய கோபத்தில் பாதியாவது கேஜை அங்கே வைத்தவர்கள்மேல் போயிருக்க வேண்டும். மிச்சப் பாதியை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை, கடைசல்காரர்மேலும் எனக்கு வருத்தம் உண்டு.

அபுதாபி 2021 விஷயத்தில் இந்தச் சலுகை கிடையாது. லத்தீஃபி சுவரில் மோதிய பிறகு, ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவே இருந்த ஐந்து கார்களை மட்டும் பாதுகாப்புக் காரை முந்தவிட்டு, கடைசிச் சுற்றைத் திறந்துவிட்ட கதையில், விதியில் உள்ள 'எந்தக் காரும்' என்றால் 'எல்லாக் காரும்' என்று பொருளில்லை என்று இரவு பதினொரு மணிக்கு நீ எனக்கு இலக்கணம் நடத்தினாய். அடுத்த ஆண்டே அந்தச் சொல்லை 'எல்லா' என்று மாற்றிவிட்டார்கள். முன்பு அப்படி இல்லாததால்தானே மாற்றினார்கள் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

ஆனால் அன்றிரவு நாம் பிரிந்தது அந்தச் சொல்லால் அல்ல என்பது இருவருக்கும் தெரியும். அந்த ஜூலையில் சில்வர்ஸ்டோனின் கோப்ஸ் வளைவில் ஹாமில்டனின் சக்கரம் பட்டு வெர்ஸ்டாப்பன் 51 ஜி விசையில் தடுப்பில் போய் அடித்தானே, "அன்றைக்கே முடிந்திருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காது" என்று நான் சொன்னேன். நீ ஒன்றும் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்தாய். சேகர் போன பிறகு உன்னிடம் அப்படி ஒரு வார்த்தையை யாருமே சொல்லியிருக்கக் கூடாது, நான் சொல்லியிருக்கவே கூடாது. மறுநாள் காலையிலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. எண்ணை எடுப்பேன், வைத்துவிடுவேன். நீ பந்தயத்தைப் பற்றிப் பேசி அதை மறைக்கவிடுவாய், அந்தப் பெருந்தன்மைக்குத்தான் பயந்தேன். மன்னித்துவிடு. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

இப்போது உன் தொழில் சார்ந்த ஒரு கேள்வி. டிஆர்எஸ் போய்விட்டது, மார்ச்சில் மெல்போர்னில் புது விதியும் புது இன்ஜினும் வருகின்றன. இன்ஜினுக்குள் எரிபொருள் கலவையை அழுத்தும் கம்ப்ரெஷன் விகிதம் 18-லிருந்து 16-ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அதை அளப்பது இன்ஜின் ஆறியிருக்கும் நிலையில். சூடேறி உலோகம் விரிந்ததும் 16-ஐத் தாண்டும்படி ஓர் அணி செய்திருப்பதாகப் பேச்சு அடிபடுகிறது, உண்மையோ பொய்யோ. நாங்கள் எதையும் 20 டிகிரியில் வைத்து அளப்பவர்கள். அளவு கேட்டால் வெப்பநிலை எவ்வளவு என்று கேட்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். ஆகவே கேஜ் பக்கம் நின்றால் அந்த இன்ஜின் தேர்ச்சி. ஆனால் போட்டி நடக்கும் நேரம் முழுவதும் கார் விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று இன்னொரு பிரிவும் இருக்கிறது. எது எதை வெல்லும்? கயல் எஃப்ஐஏ வெளியிட்ட விதிகளை அச்சடித்து வைத்திருக்கிறாள், இத்துடன் அந்த இரண்டு பக்கங்களையும் அனுப்புகிறேன். பென்சிலால் அடிக்கோடு போட்டது அவள், கேள்விக்குறி போட்டது நான்.

கருத்துக்கான கட்டணத்தை மெஸ் தாத்தாவிடம் நீ வைத்துவிட்டுப் போன பரோட்டாக் கடனில் கழித்துக்கொள். பதிலைத் தபாலிலேயே அனுப்பு. தொலைபேசியில் பேசினால் மறுபடியும் சண்டை வந்துவிடும்.

அன்புடன்,
சுந்தரம்