லைட் எரிந்தால் போதுமா? உங்கள் ரெட் டாட் சைட் பற்றிய புகார்

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கென்று விற்ற 30 மி.மீ. ரெட் டாட் சைட் (லென்ஸில் தெரியும் சிவப்புப் புள்ளியால் குறி பார்க்கும் கருவி) ஸீரோவில், அதாவது புள்ளி வைத்த இடத்திலேயே பெல்லட் விழும் அமைப்பில், நிற்காதது. மாற்றித் தருதல் அல்லது ரூ.11,800-ஐத் திருப்பித் தருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். டோல்ஃப்ரீ எண், மெயில், வாட்ஸ்அப், சர்வீஸ் சென்டர் என்று எல்லா வாசலிலும் ஏறி இறங்கி அலுத்துவிட்டது. எழுத்தில் கொடுத்தாலாவது யாராவது படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை அனுப்புகிறேன். பில், ஜாப் ஷீட், சுட்ட அட்டைகளின் படங்கள் எல்லாம் இணைப்பில் உள்ளன.

குறை இதுதான். 10 மீட்டரில் ஐந்து பெல்லட் சுட்டால் குரூப் (ஐந்தும் விழுந்த துளைகளின் கூட்டம்) ஒழுங்காக விழுகிறது. ஒன்றையும் தொடாமல் அடுத்த ஐந்தைச் சுட்டால் அதே குரூப் 25 மி.மீ. இடப்பக்கம் போய் நிற்கிறது. விண்டேஜை, அதாவது புள்ளியை இட வலமாக நகர்த்தும் திருகாணியை, திருப்பினால் கிளிக் சத்தம் கேட்கிறது, புள்ளி அசைவதில்லை. இரண்டு மூன்று பெல்லட் போன பிறகு அத்தனை கிளிக்கும் சேர்ந்து ஒரே தாவாகத் தாவுகிறது. திருகாணியோடு உள்பாகத்தை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இப்படித்தான் ஆகும். உங்கள் பொருள், உங்களுக்குத் தெரியாததா?

பாக்ஸ் டெஸ்டும் செய்தாயிற்று. ஒரு கிளிக் 1 எம்.ஓ.ஏ. (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம்); 10 மீட்டரில் அது 2.9 மி.மீ. மேலே 20, வலம் 20, கீழே 20, இடம் 20 என்று சுற்றி வந்தால் பக்கத்துக்கு 58 மி.மீ. உள்ள சதுரம் விழுந்து, கடைசி குரூப் முதல் குரூப்பின் மேலேயே உட்கார வேண்டும். இங்கே விழுந்தது சதுரமே இல்லை. கடைசி குரூப் தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவும் இல்லை.

சைட்டை ரைஃபிளில் பிடித்து வைக்கும் மவுண்ட் நகர்ந்திருக்கும் என்பீர்கள். நகரவில்லை. ரைஃபிளின் மேலுள்ள 11 மி.மீ. டவ்டெயில் ரெயிலுக்கான ஒற்றைத் துண்டு மவுண்ட்தான் போட்டிருக்கிறது. வேறு வகை ரெயிலுக்கான பிக்காட்டினி மவுண்ட்டை அடாப்டர் வைத்து ஒப்பேற்றவில்லை. உதையில் மவுண்ட் நழுவாமல் தடுக்கும் அரெஸ்டர் பின் ரிசீவரின் துளையில் இறங்கியிருக்கிறது. திருகாணிகள் டார்க் ரெஞ்சால் 2 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கப்பட்டவை. ரெயிலுக்கும் மவுண்ட்டுக்கும் குறுக்கே நெயில் பாலிஷில் இழுத்த கோடு இன்னும் ஒரே நேராக இருக்கிறது, படத்தில் பாருங்கள். ரைஃபிளைக் கெட்டியான ரெஸ்டில் வைத்துச் சுட்டுக் குரூப்பைக் கெடுக்கவும் இல்லை. மணல் மூட்டைமேல் உள்ளங்கை, அதன்மேல் ரைஃபிள். சைட்டைக் கழற்றிவிட்டு ஓபன் சைட்டில் சுட்டால் 15 மி.மீ.க்குள் ஐந்தும் அடங்குகிறது. அதே மவுண்ட்டில் வேறொரு சைட்டைப் போட்டாலும் அடங்குகிறது. ரைஃபிளும் சரி, மவுண்ட்டும் சரி என்றால் மிச்சம் இருப்பது எது?

உங்கள் கஸ்டமர் கேரில் பேசியவர் கண்டுபிடித்த பதில்: "உங்களுக்குக் கண்ணுல பவர் இருக்கும் சார், வயசாகுதில்ல, ஐ டெஸ்ட் பண்ணிட்டு கூப்பிடுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இந்தக் கடிதத்தை எழுதலாம். கண்ணில் அஸ்டிக்மாடிசம் இருந்தால் புள்ளி நட்சத்திரம் போலச் சிதறித் தெரியும், உண்மைதான். அதைச் சரிபார்க்க ஆஸ்பத்திரி வேண்டாம். மொபைல் கேமராவை லென்ஸுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்தால் போதும். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் குறை கண்ணில், படத்திலும் சிதறினால் குறை சைட்டில். இங்கே புள்ளி கண்ணுக்கும் வட்டம், கேமராவுக்கும் வட்டம். புள்ளி சிதறுகிறது என்று புகார் கொடுத்தவர் யார்? ஸீரோ நிற்கவில்லை என்பதல்லவா புகார்! சொன்னதைக் காதில் வாங்கினால்தானே.

அவரே அடுத்து, "ரைஃபிள்ல மாட்டியே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டு வாங்க" என்றார். கோவையிலிருந்து சேரன் எக்ஸ்பிரஸில் துப்பாக்கியோடு ஏறி, சென்ட்ரலில் துப்பாக்கியோடு இறங்க வேண்டுமா? சைட்டை மட்டும் கொண்டு வந்தால் போதும் என்று உங்கள் மெயிலே சொன்ன பிறகுதான் கிளம்பினேன். அங்கே கவுண்ட்டரில் இருந்த தம்பி புது பேட்டரி போட்டார், ஸ்விட்சைத் திருப்பினார், மேலே டியூப் லைட்டைப் பார்த்துக் குறி வைத்தார். "லைட் எரியுதே சார்" என்று ஜாப் ஷீட்டில் 'குறை இல்லை' என எழுதி நீட்டினார். ஸீரோ பற்றிக் கேட்டதற்கு, ரைஃபிள் இல்லாமல் அதைப் பார்க்க முடியாதாம்! இரண்டு இரவு ரயில் தூக்கம், ஒரு நாள் சம்பளம், ஆட்டோவுக்குக் கொட்டிய காசு எல்லாம் அந்த டியூப் லைட்டைப் பார்க்கத்தான்.

பேட்டரி பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி போய்விட்டால் புள்ளி மங்கும். இதில் மங்குவதில்லை, ஒவ்வொரு ஷாட்டுக்கும் கண நேரம் அணைந்து எரிகிறது. மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டும் புத்தம் புது சி.ஆர். 2032 போட்டாலும் அதே கதை. மூடியில் உள்ள காண்டாக்ட் பேட்டரியை இறுக்கிப் பிடிக்கவில்லை. ஸ்பிரிங் ரைஃபிள் முதலில் பின்னால் உதைக்கும். உள்ளே காற்றை அழுத்தும் பிஸ்டன் முன்னே போய் நிற்கும்போது முன்னாலும் ஒரு இழுப்பு இழுக்கும். ஒரு திசை உதையை மட்டும் மனதில் வைத்துச் செய்த சைட் இந்த இரண்டாவது இழுப்பில்தான் ஆட்டம் காணும். அதற்குத் தாங்காது என்றால் பெட்டியில் 'ஏர் ரைஃபிளுக்கு உகந்தது' என்று ஏன் அச்சடிக்கிறீர்கள்?

அதே பெட்டியில் 'பாரலாக்ஸ் இல்லை' என்றும் இருக்கிறது, அதாவது கண் நகர்ந்தாலும் குறி விலகாதாம். மேனுவலிலோ 50 கஜத்துக்கு அமைத்தது என்கிறீர்கள். அப்படியானால் 10 மீட்டரில் கண் லென்ஸின் ஓரத்துக்குப் போனால் குறி 12 மி.மீ. வரை விலகும். ரைஃபிளை அசையாமல் வைத்துத் தலையை மட்டும் நகர்த்தினாலே தெரிந்துவிடும். இதைப் பெரிதாக்கவில்லை, கன்னத்தை ஒரே இடத்தில் பதித்தால் சமாளிக்கலாம். (உங்கள் புள்ளி 3 எம்.ஓ.ஏ., அதாவது 10 மீட்டரில் 8.7 மி.மீ. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி அட்டையின் ஒன்பதாம் வளையமே 5.5 மி.மீ.தான். போட்டியில் இந்த சைட்டுக்கு அனுமதியும் இல்லை. விளம்பரத்தில் மட்டும் 'சாம்பியன்களின் தேர்வு'!)

2015-ல் அமெரிக்காவில் ஈஓடெக் ஹோலோகிராஃபிக் சைட்டுகளில் வெப்பநிலை மாறினால் குறி விலகுவதை மறைத்ததாக வழக்கு வந்து, அதன் தாய் நிறுவனம் 2 கோடியே 56 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. நான் கேட்பது ரூ.11,800.

மின்வணிக விதிகள் 2020-ன்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்த்து வைக்க வேண்டும். முதல் புகாருக்கு அந்த ஒரு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. தயவுசெய்து 15 நாட்களுக்குள் வேறு சைட் அனுப்புங்கள். அதை ஸ்பிரிங் ரைஃபிளில் மாட்டிச் சுட்டுப் பார்த்த அட்டையும் கூட வரட்டும். முடியாதென்றால் பணத்தைத் திருப்பிவிடுங்கள். இரண்டும் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். வீணான பெல்லட், ரேஞ்ச் கட்டணம், பயணம், மன உளைச்சல் எல்லாம் சேர்த்து அங்கே ரூ.50,000 கேட்பேன். அதுவும் குறைவுதான். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணமும் கிடையாது.

உங்கள் பழைய மாடல் நன்றாக உழைத்ததால்தான் இதை வாங்கினேன் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன். நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர், கோவை.

பின்குறிப்பு: சர்வீஸ் சென்டரில் கழற்றி வைத்த முன்பக்க லென்ஸ் மூடி திரும்பி வரவில்லை. அதையும் சேர்த்து அனுப்பவும்.